விதையப் பாத்து மெஷின் எடுங்க: காட்டு உயிர்களுக்கு ஃபூட் ப்ளொட் போட என்ன சாமான் வேணும்?

கொழும்புல வேலை பாத்துக்கொண்டு சிலாபம், குருநாகல், புத்தளம் பக்கம் ஒரு துண்டுக் காணி வச்சிருக்கிற ஆக்கள் எங்களுக்குள்ள நிறைய. அப்பா வாங்கிப் போட்டதா இருக்கும், சீதனமா வந்ததா இருக்கும், மாசத்துக்கு ஒருக்கா போய் தேங்காய் எண்ணிட்டு, வேலியப் பாத்துட்டு, பின்னேரம் டிராஃபிக்குக்கு முதல் திரும்பி வாறதுதான். இவங்கள்ல சில பேருக்கு இப்ப ஒரு புது ஆசை பிடிச்சிருக்கு. யூடியூப்ல அமெரிக்காக்காரன் மான் மேயட்டும் எண்டே ஒரு வயலப் போட்டு, அதுக்கெண்டு டிராக்டர், டிஸ்க், ரோலர் எண்டு வரிசையா நிப்பாட்டி வச்சிருக்கிறதப் பாத்துட்டு, நாங்களும் காணியில ஒரு மூலைய மயிலுக்கும் முயலுக்கும் குருவிக்கும் விட்டா என்ன எண்டு யோசிக்கிறாங்க. நல்ல யோசனைதான். ஆனா எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி ஒண்டுதான், "என்ன டிராக்டர் எடுக்கலாம்?"

அந்தக் கேள்விய கடைசிக்குத் தள்ளி வையுங்க. முதல்ல கேக்க வேண்டியது என்ன விதை போடப் போறீங்க எண்டு. விதையிட சைஸ் தெரிஞ்சா அத எவ்வளவு ஆழத்துல வைக்கோணும் எண்டு தெரியும், ஆழம் தெரிஞ்சா மண்ண எவ்வளவு கிளறோணும் எண்டு தெரியும், அது தெரிஞ்சா எந்த மெஷின் வேணும் எண்டது தானா வந்துடும், பாதி நேரம் மெஷினே வேணாம் எண்டும் வரும்.

ஃபூட் ப்ளொட் எண்டா என்ன எண்டு தெரியாத ஆக்களுக்கு ரெண்டு வரி. நாங்க அறுவடை பண்றதுக்கு இல்லாம, காட்டு உயிர்கள் வந்து சாப்பிடுறதுக்கெண்டே போடுற சின்னப் பயிர் நிலம், அவ்வளவுதான். அமெரிக்காவுல இது பெரிய விஷயம், வெள்ளவால் மான், காட்டு டர்க்கி, காடை, புறா இதுகளுக்கெண்டு குளோவர், ஓட்ஸ், டர்னிப், சூரியகாந்தி எல்லாம் போடுவாங்க, அதுல பெரும்பகுதி வேட்டைக்காரங்க செய்றது. எங்கட நாட்டுல அந்தக் கதை இல்ல. 1937ம் வருஷத்து வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கு, மானும் மரையும் பாதுகாக்கப்பட்ட மிருகங்கள், ஆகவே இங்க ப்ளொட் போடுறது எண்டா பாக்கிறதுக்கும் படம் எடுக்கிறதுக்கும்தான். வேற எண்ணம் இருக்கிற ஆக்கள் இதோட நிப்பாட்டிக்கொள்ளுங்க.

இன்னொரு விஷயத்த இப்பவே சொல்லிடுறன், ஏனெண்டா இதத் தாண்டிட்டு மெஷின் கதைக்கிறதுல அர்த்தமில்ல. உங்கட காணி யானை நடமாடுற பக்கமா இருந்தா, அனுராதபுரம், பொலன்னறுவ, அம்பாறை, புத்தளத்துல உள்ளுக்க இருக்கிற ஊர்கள் மாதிரி, சோளம் போடவே போடாதீங்க. யானைக்கு சோளத்த விட நல்ல அழைப்பிதழ் கிடையாது, உங்கட ப்ளொட்டுக்கு வாறது உங்களுக்கு ரசனையா இருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கு அது சுவர் இடிஞ்ச கதை. காட்டுப் பன்னியும் அப்பிடித்தான், உங்கட கவ்பீய முடிச்சுட்டு நேரா பக்கத்து வயலுக்குத்தான் போகும். சிலாபம், நாத்தாண்டிய, மாரவில பக்கம் தென்னங்காணிக்காரருக்கு இந்தப் பயம் குறைவு, அங்க வாறது மயில், முயல், காடை, சில்லைக் குருவி, புறா, கிளி, வண்ணத்துப்பூச்சி, இதுகள்தான். நான் இங்க எழுதுறதும் பெரும்பாலும் அந்த மாதிரிக் காணிக்குத்தான்.

சரி, விதை. குரக்கன், எள்ளு, குளோவர் இதெல்லாம் பொடி விதை. குரக்கன் ஆயிரம் மணிய எடுத்து நிறுத்தா மூணு கிராம் அளவுதான் வரும். கவ்பீ, பயறு, உளுந்து, இறுங்கு நடுத்தரம். சோளம், சூரியகாந்தி பெரிசு, சோளம் ஆயிரம் மணி கால் கிலோவத் தொடும். பொதுவான கணக்கு என்னெண்டா விதையிட தடிப்புல ரெண்டு மூணு மடங்கு ஆழம், அதுக்கு மேல போனா பொடி விதைக்கு மண்ணுக்கு வெளிய தலை நீட்டுற அளவுக்கு உள்ளுக்க சாப்பாடு இல்ல, பாதி வழியில செத்துடும். குளோவர கால் அங்குலத்துக்கு மேல புதைக்கக் கூடாது எண்டு அமெரிக்காவுல திரும்பத் திரும்ப சொல்றது இதால தான். சோளத்த ஒண்டரை அங்குலம் வரைக்கும் தாழ்த்தலாம், கவ்பீக்கு ஒரு அங்குலம் காணும்.

இப்ப பாருங்க, பொடி விதை போடுற ஆளுக்கு ஆழமா உழுறது உதவி இல்ல, உபத்திரவம். ரொட்டவேட்டர், அதாவது சுழலுற பல்லால மண்ணக் கிளறுற சாமான், போட்டு ஆறு அங்குலத்துக்கு மண்ண மா மாதிரி பொங்க வச்சுட்டு அதுல குரக்கன வீசினா, முதல் மழையோட விதை பாதி கீழ போய் உக்காந்துடும், மேல களைதான் முளைக்கும். பிறகு விதைக்காரனத் திட்டுவாங்க. விதை நல்ல விதைதான், படுக்கைதான் பிழை.

மண்ணு சரியா இருக்குதா எண்டு பாக்க ஒரு காசும் செலவில்லாத வழி ஒண்டு இருக்கு. கிளறி முடிஞ்ச இடத்துல சப்பாத்தோட சாதாரணமா நடந்து பாருங்க. குதி அரை அங்குலத்துக்கு மேல தாழுதெண்டா மண்ணு இன்னும் பொங்கிக் கிடக்கு, அமத்தோணும். அடையாளம் மட்டும் லேசா விழுந்தா விதை போடலாம். இத ஒரு இடத்துல மட்டும் பாத்துட்டு விடாம ப்ளொட்டிட நடுவுலயும் ஓரத்துலயும் பாருங்க, ஏனெண்டா லேண்ட்மாஸ்டர், அதாவது ரெண்டு சில்லு டிராக்டர், திரும்புற ஓரத்துல டயர் அமத்தின மண்ணு ஒரு மாதிரி, நடுவுல வேற மாதிரி இருக்கும்.

இனி வேலைகள ஒண்டொண்டா பாப்பம், ஆனா எல்லாத்துக்கும் ஒரே அளவு நேரம் குடுக்கப் போறதில்ல.

மண் பரிசோதனை எல்லாத்துக்கும் முதல். இத ஒரு சாமானா யாரும் எண்ணுறதில்ல, ஆனா இதுதான் நீங்க செலவழிக்கிறதுலயே லாபமான காசு. ஈர வலயத்து மண்ணு, அவிசாவளை, களுத்துறை, இரத்தினபுரி பக்கம், மழை கழுவிக் கழுவி புளிப்பா இருக்கும், அதுல புளிப்பக் குறைக்கிற டொலமைட் தூள் போடாம உரம் போடுறது காச மண்ணுல கொட்டுறது. கூடுதலான தீவனப் பயிர்களுக்கு மண்ணிட புளிப்பக் காட்டுற பிஎச் அளவு 6க்கும் 7க்கும் நடுவுல இருந்தா சந்தோஷம். தென்னங்காணிக்காரருக்கு லுணுவிலயில தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, மண்ணும் ஓலையும் குடுத்துப் பாத்துக்கொள்ளலாம், மற்ற ஆக்கள் கமநல சேவை நிலையத்துல கேட்டா விவசாயத் திணைக்களத்துல எங்க குடுக்கிறது எண்டு சொல்லுவாங்க. மண்ணு எடுக்கேக்க ஒரே குழியில அள்ளிட்டுப் போகாதீங்க, பத்துப் பன்னெண்டு இடத்துல ஆறு அங்குலம் வரைக்கும் தோண்டி ஒரு பக்கெட்டுல கலந்து, அதுல இருந்து ஒரு பைக்குள்ள போடுங்க. டொலமைட் மெதுவா வேலை செய்ற சாமான், விதைக்கிற அண்டைக்கு வீசிட்டு பலன் எதிர்பாக்க ஏலாது, ரெண்டு மூணு மாசம் முந்தியே போட்டா நல்லம்.

அடுத்தது துப்புரவு. இதுக்கு புல்லு வெட்டுற மெஷின், அதாவது தோள்ல மாட்டுற பிரஷ் கட்டர், காணும். நைலோன் கயிறு புல்லுக்கு, இரும்புத் தகடு செடி கொடிக்கு, ரெண்டையும் வச்சிருங்க. கண்ணுக்கு கண்ணாடி போடாம இத இயக்காதீங்க, தேங்காய் சிரட்டைத் துண்டு ஒண்டு தெறிச்சா போதும். மற்றது மருந்தடிக்கிற டேங்க், முதுகுல போடுறது, 16 லீட்டர். தண்ணி நிரப்பினா அதே 16 கிலோவும் டேங்கிட பாரமும் உங்கட முதுகுலதான், இதையும் யோசிச்சு ஒரு ஆள் எவ்வளவு நேரம் சுமக்கலாம் எண்டு முடிவெடுங்க. களைநாசினி விஷயத்துல நான் ஆலோசனை சொல்லப் போறதில்ல, கிளைபொசேட்ட 2015ல தடை பண்ணி, 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் எண்டு தளர்த்தி, பிறகு 2022ல தடைய எடுத்த கதை எல்லாருக்கும் தெரியும், ஆகவே வாங்கிற நேரம் சட்டம் எப்பிடி இருக்கு எண்டு பாத்து, லேபல்ல இருக்கிறபடி மட்டும் அடியுங்க. களைநாசினி அடிச்ச டேங்க வேற எதுக்கும் பாவிக்காதீங்க, எவ்வளவு கழுவினாலும் சரிதான்.

இலுக்குப் புல்லு இருக்கிற காணிக்காரருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இலுக்கு மண்ணுக்குக் கீழ வெள்ளைக் கிழங்கு மாதிரி கொடி விட்டுத்தான் பரவும். அதுக்குள்ள ரொட்டவேட்டர விட்டா ஒரு கொடிய நூறு துண்டா வெட்டி காணி முழுக்க நட்டுக் குடுக்கிற வேலைதான் நடக்கும், ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி. இப்பிடியான இடத்துல முதல்ல அதச் சாகடிக்கோணும், இல்லாட்டி காய்ஞ்ச காலத்துல மண்வெட்டியால புரட்டிப் போட்டு கொடிய வெயில்ல கருக விடோணும், அதுக்குப் பிறகுதான் மெஷின். கோரைக்கும் இதே கதைதான்.

இப்ப எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிற இடம், மண்ண கிளறுற சாமான்.

அமெரிக்க வீடியோவுல வாறது பெரும்பாலும் மூணு விதம். ஒண்டு ஏடிவி, அந்த நாலு சில்லு பைக்குக்குப் பின்னால இழுக்கிற சின்ன டிஸ்க், அதாவது மண்ண வெட்டுற வட்டத் தகடுகள். ரெண்டாவது 25, 30 குதிரைவலு சின்ன டிராக்டருக்குப் பின்னால நாலஞ்சு அடி டிஸ்க் இல்லாட்டி டில்லர். மூணாவது உழவே உழாம நேரா மண்ணக் கீறி விதை வைக்கிற நோ டில் ட்ரில், அது பெரிய விலை, அங்கயே கூடுதலான ஆக்கள் வாடகைக்குத்தான் எடுக்கிறாங்க. ஏடிவி டிஸ்கப் பத்தி ஆசைப்படாதீங்க. டிஸ்க் மண்ண வெட்டுறது கூர்மையால மட்டும் இல்ல, பாரத்தாலயும்தான், அந்தச் சின்ன டிஸ்க் அங்க இருக்கிற பதமான மண்ணுலயே பாரம் காணாம மேல கல்லுக்கட்டு வச்சுத்தான் இழுப்பாங்க. எங்கட வரண்ட வலயத்து செம்மண்ணு காய்ஞ்சா கொங்கிரீட், நனைஞ்சா பசை, அதுல அது சுரண்டிட்டுத்தான் போகும்.

இங்க எங்களுக்கு அதுக்குப் பதிலா கடவுள் குடுத்த சாமான் லேண்ட்மாஸ்டர். ரெண்டு சில்லு, எட்டுல இருந்து பதினாலு குதிரைவலு வரைக்கும், டீசல், ஊருக்கு ஊர் இருக்கு, ஓட்டத் தெரிஞ்ச ஆளும் இருக்கு, பழுதானா ஸ்பெயார் பார்ட்ஸுக்கு அலைய வேண்டியதில்ல. அதிட ரொட்டவேட்டர் மூணு நாலு அங்குலம் கிளறும், ஃபூட் ப்ளொட்டுக்கு அவ்வளவு போதும். அரை ஏக்கருக்குள்ள எண்டா இதத் தாண்டி யோசிக்கவே தேவையில்ல. வாங்கவும் தேவையில்ல, வருஷத்துல ரெண்டு நாள் வேலைக்கு ஒரு மெஷின வாங்கி ஷெட் கட்டி, பற்றறி இறங்காம பாத்து, எலி வயர வெட்டாம பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு அந்தக் காசுல பத்து வருஷத்துக்கு வாடகை குடுக்கலாம். கொழும்புல இருந்து மாசத்துக்கு ஒருக்கா போற ஆளுக்கு சொந்த மெஷின் எண்டது தலையிடி, இது எண்ட கறாரான அபிப்பிராயம், கோவிக்கிற ஆக்கள் கோவிக்கலாம்.

நாலு சில்லு டிராக்டர் எப்ப வேணும்? ஒரு ஏக்கருக்கு மேல, அதுவும் கன காலம் சும்மா கிடந்து இறுகின நிலம் எண்டா. மெஸி ஃபேர்கஸன் 240 மாதிரி 50 குதிரைவலு அளவுல இருக்கிறதுதான் ஊர்ல வாடகைக்கு வரும். முதல் தரம் சட்டிக் கலப்பையால புரட்டி, ரெண்டு மூணு கிழமை விட்டு, களை முளைச்சதும் ரெண்டாம் தரம் லேசா ரொட்டவேட்டர் அடிக்கலாம். இந்த இடைவெளி முக்கியம், ஏனெண்டா உழவு ஒவ்வொண்டும் கீழ தூங்கிக்கொண்டிருக்கிற களை விதைய மேல கொண்டு வரும், அத முளைக்க விட்டு ஒரு தரம் அழிச்சுட்டுத்தான் உங்கட விதையப் போடோணும். ஆனா டிராக்டருக்கு கேட் எட்டு அடியாவது வேணும், திரும்ப இடம் வேணும், 20 பேர்ச்சஸ் ப்ளொட்டுக்கு டிராக்டர்காரர் வரவும் விரும்பமாட்டார், வந்தாலும் வந்த செலவ உங்கட தலையிலதான் கட்டுவார், அதுவும் நியாயம்தான்.

டிராக்டர் வாங்கியே தீருவன் எண்டு நிக்கிற ஆக்களுக்கு மூணு சொல்லு. பின்னால மெஷின மாட்டுற மூணு கொளுவி எந்தக் கட்டகறி, அதாவது எந்த அளவு வகை, எண்டு கேளுங்க, சின்ன டிராக்டருக்கு கட்டகறி 1, நாப்பது குதிரைவலு தாண்டினா 2ம் வரும், டிராக்டரும் கலப்பையும் வேற வேற கட்டகறியா இருந்தா கொளுவுற ஆணி பொருந்தாது. ரெண்டாவது, பிடிஓ, அதாவது எஞ்சின் சக்திய பின்னால இருக்கிற மெஷினுக்குக் குடுக்கிற சுழலுற தண்டு, வழக்கமா நிமிஷத்துக்கு 540 சுத்து. ரொட்டவேட்டருக்கு பிடிஓ வேணும், டிஸ்குக்கு வேணாம், சும்மா இழுத்தா காணும். மூணாவது, ரொட்டவேட்டர் ஒரு அடி அகலத்துக்கு அஞ்சு குதிரைவலுவாவது பிடிஓவுல வேணும் எண்டு பொதுவா கணக்குப் பாப்பாங்க, ஆகவே அஞ்சு அடிக்கு 25, இறுகின மண்ணுக்கு அதுக்கு மேல. செகண்ட் ஹேண்ட் எடுத்தா எஞ்சின் சத்தத்த மட்டும் கேட்டு மயங்காம பின்னால பாரத்தத் தூக்கி அஞ்சு நிமிஷம் அப்பிடியே விட்டுப் பாருங்க, மெல்ல மெல்ல இறங்குதெண்டா ஹைட்ரோலிக் வேலை இருக்கு. பழைய ஸ்பெயார் பார்ட்ஸ் தேடி பஞ்சிகாவத்தையில நிறைய பேர் சுத்துறாங்க, கிடைக்கும், ஆனா பொறுமை வேணும்.

பாதுகாப்பப் பத்தி ஒரு வார்த்தை. பிடிஓ தண்டுக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் உறை உடைஞ்சிருந்தா அந்த மெஷின வேலைக்கு விடாதீங்க, சாரத்தோட பக்கத்துல போறது அதைவிட மோசம், துணி ஒரு நூல் பட்டாலும் ஆள இழுத்துடும். லேண்ட்மாஸ்டர்ல ரொட்டவேட்டர் சுத்திக்கொண்டிருக்கேக்க ரிவர்ஸ் போடுறதும், பாட்டாச் செருப்போட பின்னால நடக்கிறதும் ஊர்ல நாங்க தினம் பாக்கிற காட்சி, உங்கட காணியில அத விடாதீங்க, ஒரு சோடி கம்பூட்ஸ் வாங்கி அங்கயே வச்சிருங்க.

தென்னைக்குக் கீழ கிளறுற ஆக்கள், மரத்தடியில இருந்து ஆறு அடி சுத்துவட்டத்த விட்டுடுங்க, அது உரம் போடுற இடம், வேர் நிறைஞ்ச இடம். நிழலும் பாருங்க. நல்லா மூடி நிக்கிற பதினஞ்சு வயசுத் தோட்டத்துல கீழ வெளிச்சம் காணாது, சின்னக் கண்டுகள் இருக்கிற இடமும் வயசான உயர்ந்த மரங்கள் நிக்கிற இடமும்தான் பயிருக்கு ஏத்தது.

எப்ப கிளறுறது? பெரும்போக மழை தொடங்கி ரெண்டு மூணு பாட்டம் விழுந்த பிறகு. மண்ண ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில நல்லா அமத்துங்க, கையத் திறந்து பெருவிரலால தட்டுங்க. உருண்டை பிடிச்சு, தட்டினதும் பொலபொலவெண்டு உடைஞ்சா அண்டைக்குத்தான் நல்ல நாள். உருண்டையே பிடிக்காட்டி காய்ஞ்சு கிடக்கு, தட்டினா உடையாம களி மாதிரி நசுங்கினா ஈரம் கூட, அந்த நேரம் மெஷின் விட்டா கட்டி கட்டியாகி வெயிலுக்கு செங்கல்லாப் போயிடும். டிராக்டர்காரர் "இண்டைக்கு விட்டா நாளைக்கு வரமாட்டன் சேர்" எண்டு சொல்லுவார். பரவாயில்ல அண்ணே, பிறகு வாங்க எண்டு சொல்லிடுங்க.

விதைக்கிறதுக்கு பெரிய மெஷின் ஒண்டும் வேணாம். தோள்ல பை மாதிரி மாட்டி கைப்பிடியச் சுத்தினா விதைய விசிறுற சாமான் ஒண்டு வருது, ஒரு ஏக்கர் வரைக்கும் அது தாராளம். அது கிடைக்காட்டி கையாலயே வீசலாம், எங்கட பெரிய ஆக்கள் அப்பிடித்தானே வீசினாங்க. ரெண்டு தந்திரம் மட்டும் தெரிஞ்சிருக்கோணும். பொடி விதைய அப்பிடியே வீசினா அங்க கும்பல் இங்க வெறுமை எண்டு வரும், ஆகவே காய்ஞ்ச மணல் கலந்து வீசுங்க. அடுத்தது, விதைய ரெண்டாப் பிரிச்சு ஒரு பாதிய வடக்கு தெற்கா நடந்து வீசுங்க, மற்றப் பாதிய கிழக்கு மேற்கா. விதை விசிறுற சாமானிட வாய பெரிசாத் திறந்து வச்சு அவதிப்பட்டு வீசாம சின்னதாத் திறந்து ரெண்டு தரம் நடக்கிறதுதான் சரி, ஏனெண்டா தீர்ந்து போன விதைய திரும்ப மண்ணுல இருந்து பொறுக்க ஏலாது.

கணக்கும் லேசுதான். ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ், 43,560 சதுர அடி. வடக்கு ஆக்களுக்கு 16 பரப்பு. வெள்ளைக் குளோவர் ஏக்கருக்கு எட்டு இறாத்தல் அளவு எண்டு அமெரிக்காவுல சொன்னா, 20 பேர்ச்சஸுக்கு ஒரு இறாத்தல். அந்தக் குளோவர் நுவரெலியாக் குளிருக்கு நிக்கும், சிலாபத்து வெயிலுக்கு நிக்காது, உதாரணத்துக்குத்தான் சொன்னன். உங்கட விதைக்கு விதைப் பைக்கட்டுலயோ கமநல நிலையத்துலயோ சொல்ற அளவ எடுத்து இதே மாதிரி பிரியுங்க. வீசி விதைக்கிறதுக்கு வரிசையில வைக்கிறத விட கொஞ்சம் கூட விதை வேணும்.

சோளம், கவ்பீ மாதிரி பெரிய விதைய வரிசையில வைக்க ஆசையெண்டா, நிண்டுகொண்டே குத்தி விதைய உள்ளுக்க இறக்குற கைக்கருவி இருக்கு, முதுகு வளைய வேண்டியதில்ல. மகாஇலுப்பள்ளமயில விவசாயத் திணைக்களத்திட பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, சின்னக் காணிக்கு ஏத்த விதைக்கிற கருவிகள வடிவமைக்கிறது அவங்கட வேலை, அந்தப் பக்கம் போனா எட்டிப் பாருங்க. விதை வாங்கேக்க ஒண்டக் கவனியுங்க, ரோஸ் கலர், சிவப்பு கலர் பூசின விதை எண்டா அதுல மருந்து இருக்கு. குருவிக்கெண்டு போடுற ப்ளொட்டுல அத மேலோட்டமா வீசிட்டு வந்தா குருவிக்கு நஞ்சு வச்ச கணக்கு. மருந்தில்லாத விதைய கேட்டு வாங்குங்க.

கடைசி வேலை அமத்துறது. இதத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க, எண்ட கணக்குல இதுதான் பாதி வெற்றி. விதை மண்ணோட ஒட்டிக்கொண்டு இருந்தாத்தான் ஈரத்த இழுக்கும், சுத்தி காத்து இருந்தா முளைச்ச வேர் காய்ஞ்சுடும். அமெரிக்காவுல இதுக்கு கல்டிபேக்கர் எண்டு பல்லுப் பல்லா இருக்கிற இரும்பு உருளை வச்சிருக்கிறாங்க. இங்க அது தேடி அலைய வேணாம், ஒரு இரும்புக் குழாயில கொங்கிரீட் நிரப்பி நடுவுல கம்பி விட்டா உருளை, பழைய சோனகத் தெருவுல ஹார்ட்வெயார் கடைகளுக்கு ஒரு நடை போனா குழாயும் கம்பியும் கிடைக்கும், வெல்டிங் ஊர்லயே செய்யலாம். லேண்ட்மாஸ்டருக்குப் பின்னால கொளுவுற மாதிரி செஞ்சா இன்னும் நல்லம். அதுவும் ஏலாட்டி பழைய கம்பி வலை ஒரு துண்டுக்கு மேல ஒரு கட்டையக் கட்டி இழுக்கலாம், அது மண்ண அவ்வளவு அமத்தாது, ஆனா விதைய மூடும்.

வரிசைய மட்டும் மாத்திடாதீங்க, விதையிட சைஸ் திரும்ப இங்கதான் வருது. பொடி விதையெண்டா முதல் கிளறு, பிறகு உருட்டு, பிறகு வீசு, திரும்ப உருட்டு. பெரிய விதையெண்டா கிளறு, வீசு, லேசா கிளறி மூடு, பிறகு உருட்டு. இந்த ரெண்டையும் ஒரே ப்ளொட்டுல கலந்து போடுறதெண்டா பெரிசப் போட்டு மூடி உருட்டிட்டு, அதுக்கு மேல பொடிய வீசி இன்னொரு தரம் உருட்டுங்க. கவ்பீயும் குரக்கனும் சேத்துப் போட்டா கவ்பீ காத்துல இருக்கிற நைதரசன மண்ணுல பிடிச்சுக் குடுக்கும், 2021ல ரசாயன உரத்த நிப்பாட்டின நேரம் ஊரே இதப் பத்தித்தான் கதைச்சது.

மெஷினே இல்லாம செய்ற ஒரு வழியும் இருக்கு. நல்ல மழை வரப்போகுதெண்டு தெரிஞ்ச அண்டைக்கு நிக்கிற புல்லுக்குள்ள பொடி விதைய வீசிட்டு, அதுக்கு மேல அந்தப் புல்ல வெட்டி விழுத்திடுறது. வெட்டின புல்லே மூடாக்கா நிண்டு ஈரத்தக் காக்கும், மண்ணக் கிளறாததால புதுக் களை விதை மேல வராது. சோளத்துக்கு சரிவராது, இலுக்கு, கினியாப் புல்லு அடர்த்தியா இருக்கிற இடத்துக்கும் சரிவராது, ஆனா இளகின மண்ணுல குரக்கனுக்கும் எள்ளுக்கும் ஒரு தரம் முயற்சி பண்ணிப் பாக்கலாம், செலவு விதையும் பெற்றோலும்தான்.

கொழும்புக்குள்ளயே பத்துப் பேர்ச்சஸ்ல வீடு, பின்னால ஒரு துண்டு இடம் எண்டு இருக்கிற ஆக்களும் கேக்கிறாங்க. பத்தரமுல்ல, தலங்கம, ராஜகிரிய பக்கம் எண்டா சதுப்பு நிலம் பக்கத்துல, கொழும்ப 2018ல ரம்சார் எண்ட சர்வதேச ஈரநில ஒப்பந்தத்துக்குக் கீழ ஈரநில நகரமா அங்கீகரிச்சதும் சும்மா இல்ல, குருவி தாராளமா வரும். உங்களுக்கு மண்வெட்டி, ரேக், ஒரு பலகைத் துண்டு போதும். கிளறி, ரேக்கால சமப்படுத்தி, குரக்கனும் எள்ளும் வீசி, பலகைய வச்சு அதுக்கு மேல ஏறி மிதியுங்க, அதுதான் உங்கட ரோலர்.

வாடகை மெஷின் காணிக்குள்ள வாறதுக்கு முதல் ஒண்டு பாருங்க. போன காணியிட மண்ணு டயர்லயும் ரொட்டவேட்டர் பல்லுலயும் ஒட்டிக்கொண்டு வரும், அதுக்குள்ள களை விதையும் வரும். பாத்தீனியம் வடக்குல எப்பிடிப் பரவிச்சு எண்டு அங்க இருக்கிற ஆக்களக் கேட்டா சொல்லுவாங்க. கேட்டுக்கு வெளிய வச்சே குச்சியால தட்டி, தண்ணி அடிச்சுட்டு உள்ளுக்க விடுங்க. ஓட்டுற அண்ணனுக்கு ஒரு பிளேன்டி குடுத்து செய்யச் சொன்னா கோவிக்கமாட்டார்.

எல்லாம் போட்டு முடிஞ்ச அண்டைக்கே ப்ளொட்டுக்கு நடுவுல ஒரு கூடு வையுங்க. மூணு அடி உயரக் கம்பி வலைய வட்டமா வளைச்சு, நாலு கட்டை அடிச்சு, மேலயும் ஒரு துண்டு வலை போட்டுக் கட்டினா முயலும் மயிலும் உள்ளுக்க போக ஏலாது. ஆறு எட்டுக் கிழமை கழிச்சுப் போய்ப் பாக்கேக்க உள்ளுக்க இருக்கிறது உயரமாவும் வெளிய இருக்கிறது மொட்டையாவும் இருந்தா, பயிர் நல்லா வந்திருக்கு, வாற உயிர்களும் கூட, அடுத்த போகத்துல ப்ளொட்ட கொஞ்சம் பெரிசாக்குங்க. உள்ளுக்கயும் வெளியயும் ஒரே மாதிரி நல்லா நிண்டா இன்னும் ஒருத்தரும் வரல்ல, இல்லாட்டி நீங்க போட்டது அதுகளுக்குப் பிடிக்கல்ல, விதைய மாத்துங்க. கூட்டுக்குள்ளயே பயிர் மஞ்சளடிச்சு கட்டையா நிண்டா பிழை மண்ணுல, டொலமைட் கணக்க திரும்பப் பாருங்க. கூட்டுக்குள்ள முளைப்பே இல்லாட்டி ஆழமும் அமத்தினதும்தான் பிழை, அப்பவும் புது மெஷின் வாங்க ஓடாம அந்த உருளைக்கு இன்னும் கொஞ்சம் பாரம் ஏத்துங்க.